பேஸ் கிட்டாருக்குப் பூக் கேட்டார்கள்

நீங்கள் கடைசியாக முணுமுணுத்த பாட்டில் பேஸ் கிட்டார் என்ன வாசித்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. கஷ்டப்படாதீர்கள். பாடினவர் பெயரைச் சொல்வீர்கள், ஹீரோ என்ன சட்டை போட்டிருந்தான் என்று சொல்வீர்கள், வயலின் எந்த இடத்தில் அழுதது என்றுகூடச் சொல்வீர்கள். அடியில் ஒருத்தன் நான்கு கம்பியை வைத்துக்கொண்டு மொத்தப் பாட்டையும் தூக்கிக்கொண்டு நடந்தானே, அவனை மட்டும் யாருக்கும் தெரியாது. அவன் கையை எடுத்துவிட்டால் 'என்னமோ குறையுதே' என்பீர்கள். அதையும் கரண்ட் வோல்டேஜ் குறைவு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நான் அந்த ஒருத்தன். அதுவும் கொல்லிமலையில். மெட்ராஸில் பேஸ் வாசிப்பவனுக்காவது தன்னை யாரும் மதிக்கவில்லை என்று புலம்ப நாலு பேஸ் வாசிப்பவர்கள் கிடைப்பார்கள். இந்த மலை மேல் நான் ஒரே ஆள். எனக்குப் போட்டியும் கிடையாது, துணையும் கிடையாது. எடப்புளி நாட்டில் (மலையில் சில ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு) எங்கள் ஊட்டுக்கு யாராவது வந்து என் கிட்டாரைப் பார்த்தால் முதல் கேள்வி, "ஏனுங்க, இதுல ரெண்டு கம்பி அந்து போச்சுங்களா?" ஒவ்வொரு தடவையும். ஆறு கம்பி இருந்தால்தான் கிட்டாராம்.

படித்தது மெக்கானிக்கல். அது சர்டிபிகேட்டில். நிஜத்தில் நாலு வருஷமும் ஹாஸ்டலில் பேஸ்தான் படித்தேன். சீனியர் ஒருத்தன் அரியரோடு சேர்த்து கிட்டாரையும் விட்டுவிட்டுப் போனான், நான் எடுத்துக்கொண்டேன். கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்று என்னை எடுத்தது. நான் போகவில்லை. மிளகு பறிக்க ஆள் இல்லை, அப்பாவுக்கு ஒத்தாசை, அது இது என்று ஊட்டில் சொல்லிக்கொண்டு மலை ஏறிவிட்டேன். உண்மைக் காரணம், செம்மேட்டில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது, அதில் பேஸ் இல்லை.

அப்பாவை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. மிளகுக் கொடியை நான் ஏணி மேல் நின்று பார்த்த விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"அந்தப் பாட்டுக் கோஷ்டியில ஆளா இருக்கற வரைக்கும் இரு. நான் ஒண்ணுஞ் சொல்லல. அவங்க நீ வேண்டாம்னு சொன்ன அன்னிக்கு நீ கோயமுத்தூர் பஸ்ஸுல இருக்கோணும். உங்க சித்தப்பன் அந்தக் கம்பெனியில பேசி வெச்சிருக்கறான்."

"அவங்க எதுக்குப்பா வேண்டாங்கறாங்க?"

"நீ வாசிக்கறது எனக்கே கேக்கல. அவங்களுக்குக் கேக்குதா?"

அப்பா மட்டம் தட்டுவதற்காகச் சொன்னார். ஆனால் அது உண்மை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கச்சேரி ஆனது.

முதலில் ஆர்க்கெஸ்ட்ராவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கூட்டம் இல்லை, என்னோடு நாலே பேர். குரூப்பை நடத்துபவர், பாடுபவர், ஃப்ளெக்ஸில் நடுவில் கூலிங் கிளாஸோடு நிற்பவர் எல்லாம் ஒரே ஆள். செம்மேட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணன். டூயட் பாட்டில் பெண் குரலும் அண்ணனேதான். மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பாடுவார். ஜனம் கை தட்டும், அதுவும் சிரிக்காமல். கீபோர்டு வாசிப்பவர் ஸ்கூல் வாத்தியார். வலது கையால் மட்டும் வாசிப்பார். இடது கை, கீபோர்டில் 'ஸ்டைல்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அமுக்குவதற்கு. அமுக்கினால் பெட்டியே தாளம் போடும், பெட்டியே மூன்று நாலு சுரத்தைச் சேர்த்துக் கார்டு போடும், பெட்டியே சுமாராக ஒரு பேஸும் போடும். இதைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும். மூன்றாவது, ரிதம் பேட் வாசிக்கிற என் கூட்டாளி. ஜீப் ஓட்டுகிறவன். மனுஷன். நாலாவது நான்.

சேர்த்துக்கொண்டபோது அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஃப்ளெக்ஸில் இன்னொரு தலை கூடுகிறது, அதுவும் கிட்டாரோடு. "தம்பி என்ஜினியருங்க" என்று மைக்கில் அறிமுகம் வேறு. நான் என்ன வாசிக்கிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அப்போது அது சுதந்திரமாகத் தெரிந்தது.

மூன்றாவது கச்சேரி ஒரு காதுகுத்து. பகல் பதினோரு மணி. நான் ஒரு பாட்டில் ரொம்ப அழகான ஒரு நடை வைத்திருந்தேன், இரண்டு வாரம் உட்கார்ந்து பழகினது. அதை வாசித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு தலை ஆடவில்லை. சரி, பந்தியில் இருக்கிறார்கள், போகட்டும். நின்று கவனித்தேன். எனக்கே கேட்கவில்லை. மேலே பார்த்தேன். பலா மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கோயில் பாட்டு போடுகிற, எலெக்‌ஷனில் கத்துகிற அதே தகரக் குழாய். அதில் அடித் தொனி வரவே வராது. கொசு பாடினால் வரும். பேஸ் வராது. மைக் செட்காரரிடம் போனேன்.

"அண்ணா, என் கிட்டார் வருதுங்களா?"

"அந்தப் பெருசா? வருது வருது."

"எங்கீங்க வருது?"

"ஒயர்ல வருது தம்பி." மீட்டரில் முள் ஆடுவதைக் காட்டினார். "பாரு, எப்பிடி ஆடுது. நல்லா வாசிக்கற."

மூன்று கச்சேரியாக நான் அந்த முள்ளுக்கு மட்டும் வாசித்திருக்கிறேன்.

வேறு எவனாக இருந்தாலும் விட்டிருப்பான். நான் என்ஜினியர், எனக்குத் திமிர். சேலம் போய்ப் பதினைந்து இன்ச் ஸ்பீக்கர் ஒன்று, பழைய ஆம்ப் ஒன்று பிடித்து, பிளைவுட் வாங்கி, ஒரு பெட்டி செய்தேன். அதைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எழுபது வளைவுக்கும் அது என் மடியிலேயே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் போய்ச் சாயும், நான் சாரி சொல்வேன். இருபதாவது வளைவுக்கு மேல் நாங்கள் இரண்டு பேருமே பேசிக்கொள்வதை விட்டுவிட்டோம். கண்டக்டர் வந்து தட்டிப் பார்த்தார். "இதென்ன தம்பி, மாவு மிஷினா?"

ஊட்டில் வைத்து, இருப்பதிலேயே தடித்த ஈ கம்பியை ஒரே ஒரு தட்டு தட்டினேன். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் எல்லாம் நடுங்கியது. அம்மா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சாமி, லாரி ஏதாச்சும் வருதா?" என்றது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. நல்ல விமர்சனம்.

பெட்டி போன முதல் கச்சேரி ஆலத்தூர் நாட்டில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் களத்தில் போட்ட பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். களத்து ஓரத்தில் ஒரு பெரிய இலவ மரம். அதன் உச்சியில் மலைத்தேனீ கட்டின ராட்டு, முறம் அளவுக்கு. இங்கே மரம் என்றால் கூடு இருக்கும், அதை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. நான் பெட்டியைப் பந்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அண்ணன்தான் மாற்றச் சொன்னார்.

"வெயில்ல வெச்சா சூடாயிரும் தம்பி. அந்த மரத்து நெழல்ல வெய்யி."

இதை நான் இப்போதும் அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். மரத்தடியில் வைக்கச் சொன்னது அண்ணன்.

இரண்டு பாட்டு. என் வாழ்க்கையில் அந்த இரண்டு பாட்டு மட்டும்தான் கணக்கு. பெட்டி உறுமியது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஆள் ஒருத்தர் சாம்பார் வாளியோடு நின்று திரும்பிப் பார்த்தார். கிழவர் ஒருத்தர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார், என்னமோ உள்ளே அடிக்கிறதே என்று. ஒரு சின்னப் பெண் வந்து பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. கூட்டாளி பேட் அடித்துக்கொண்டே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். முதல் தடவையாக நாங்கள் ஒரு பேண்ட் மாதிரி இருந்தோம். கீபோர்டு வாத்தியாரின் பட்டன் பேஸ் எனக்கு அடியில் எங்கேயோ செத்துக் கிடந்தது.

மூன்றாவது பாட்டில், பெண்ணின் தாய்மாமன் சீர் வரிசையோடு வந்து இறங்கினார். அவர் ஆட்கள் அதே மரத்தடியில் ஆயிரம் வாலா வெடியை விரித்துப் பற்ற வைத்தார்கள். புகை நேராக மேலே போனது. நான் மேலே பார்த்தேன். ராட்டு மேல் ஒரு அலை ஓடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்த முறம் அப்படியே அவிழ்ந்து கீழே வந்தது.

அடுத்து நடந்ததைக் கல்யாண வீடியோவில் பார்க்கலாம், யாரும் பார்க்கத் தர மாட்டார்கள். ஜனம் ஓடியது. மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு ஓடினார், அது தனிப் பஞ்சாயத்தாகி, நியாயமாகவே நடந்தது. கீபோர்டு வாத்தியார் சமையல் பந்தலில் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் கிட்டாரோடு மாட்டுக் கொட்டகைக்குள். தாய்மாமனுக்கு மூஞ்சி முழுக்கக் கொட்டு. சுண்ணாம்பு தடவி உட்கார வைத்தபோது அவர் சீர் கொண்டு வந்தவர் மாதிரி இல்லை, வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தார். நல்ல வேளை, வீங்கினதோடு போனது, யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லோரும் ஓடிவிட்டோம். ஆனால் பாட்டு நிற்கவில்லை. வாத்தியார் பட்டனை அமுக்கிவிட்டு ஓடியிருந்தார். ஆளே இல்லாத களத்தில், கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவில், கீபோர்டு தனியாகத் தாளம் போட்டு, தனியாகக் கார்டு போட்டு, தனியாகப் பேஸ் போட்டு ஓடிக்கொண்டே இருந்தது. தேனீக்கள் அதை ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் ஒரு திண்டுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்ததை நான் கொட்டகை ஓட்டையிலிருந்து பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. வெடி காரணம் இல்லை. வெடி காலம் காலமாக வெடிக்கிறோம். புகை காரணம் இல்லை. புதுசாக வந்தது எது? உறுமுகிற பெட்டி. அண்ணனுக்குப் போன் செய்கிறவர்கள், "அந்த உறுமற பெட்டிக்காரங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் வெடிச் சத்தத்தையும் தேனீயையும் பற்றி ஒரு பெரிய வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அண்ணன் கை கூப்பின படம் ஒன்று பதிலாக அனுப்பினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் யாரும் யாரிடமும் 'நீ வேண்டாம்' என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். அது பெரிய மரியாதையாம். என்னைக் கேட்டால் பயந்தாங்கொள்ளித்தனம். அண்ணன் மூன்று வாரம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஜீப்புல எடம் பத்தாதாட்ட இருக்குது சாமி."

"நான் பஸ்ஸுல வாரேனுங்கண்ணா."

"மழ வருமாட்ட இருக்குது. பெட்டி நனைஞ்சு போயிருமல்ல."

"தார்ப்பாய் இருக்குதுங்க."

"அதில்ல, உனக்கு எதுக்குச் செரமம்னு பாத்தேன்."

"எனக்குச் செரமமே இல்லீங்கண்ணா."

வேண்டுமென்றேதான் புரியாத மாதிரி நடித்தேன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரட்டும் என்று. வராது என்றும் தெரியும். வராத வரைக்கும் நான் ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கிறேன், ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கிற வரைக்கும் கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டாம். எனக்குக் கணக்கு சரியாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கூட்டாளி ஜீப்பை ஊட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்காமலே கூப்பிட்டான்.

"மாப்ள, நாளைக்கிக் காலைல கோயிலுக்கு வந்துரு. உன் விசயமா பூக் கேக்கறாங்க."

"எனக்கா? நான் என்ன பொண்ணா, கல்யாணத்துக்குப் பூக் கேக்க?"

"அண்ணன் ஏற்பாடு. வெள்ளப் பூ வந்தா அம்மா சரிங்கறா, செவப்பு வந்தா வேண்டாங்கறா. அவ்வளவுதான். மூஞ்சியக் கழுவிட்டு வா."

பூக் கேட்பது தெரியாதவர்களுக்கு. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி, சாமி காலடியில் வைத்து, கேள்வியைச் சொல்லிவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். கிணறு வெட்டலாமா, சம்பந்தம் பேசலாமா, நிலத்தை விற்கலாமா, எல்லாம் இப்படித்தான் முடிவாகும். கம்பெனியில் ஆளைத் தூக்க எச்.ஆர். இருக்கிறார்கள். எங்களுக்கு அம்மன் இருக்கிறாள். அண்ணன் தன் வாயால் சொல்ல முடியாததைச் சாமி வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறார். நான் அன்று ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்கினேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனிடம் எனக்கு அந்தப் பாதிகூட இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. சுற்றிலும் பனி. கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டிடம், முன்னால் வேல், பின்னால் அரளிச் செடிகள். அண்ணன் வெள்ளை வேட்டியில் பவ்வியமாக நின்றார். வாத்தியார் ஸ்கூலுக்கு லேட் ஆகிறது என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்தத் தேனிய எறக்குன பையனா?"

"அது வெடிங்க ஐயா."

"சரி சரி. போயிப் பின்னால பூப் பறிச்சுட்டு வா கண்ணு. வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணு. வாழ எலையில தனித்தனியா மடிச்சு, நார்ல கட்டிக் கொண்டா."

எனக்குப் புரியவில்லை. "நானே கட்டறதுங்களா?"

"ஏன், கை இல்லியா?"

"இல்லீங்க, என்னப் பத்தின விசயம். நானே கட்டுனா..."

"கட்டறது யாரா இருந்தா என்ன சாமி. குடுக்கறவ அவ."

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பரீட்சை எழுதப் போனவனிடமே கேள்வித்தாளைக் கொடுத்து நீயே திருத்திக்கொள் என்கிறார்கள். செக்கிங் இல்லை, சாட்சி இல்லை. ஒரு மலையே இப்படித்தான் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறது. ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லையா என்று நினைத்தேன். எனக்குத் தோன்றியது. எனக்குத்தானே தோன்றும், படித்தவன்.

பின்பக்கம் போனேன். முன்னால் பூசாரி மணி அடித்து என்னமோ சொல்லத் தொடங்குவது கேட்டது. அண்ணன் குரலும் கேட்டது. காது கொடுத்து என்ன ஆகப் போகிறது, வழக்கமான புலம்பல்தான் என்று விட்டுவிட்டேன். வெள்ளை அரளியில் இரண்டு பறித்தேன். சிவப்புப் பக்கம் கைகூடப் போகவில்லை. இரண்டையும் மடித்து, இரண்டையும் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டேன். நம்பாதவனுக்கு இதில் பாவம் கிடையாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். சாமிக்குப் பயந்து இல்லை, வாத்தியார் எட்டிப் பார்ப்பாரோ என்று.

பூசாரி பொட்டலங்களைத் தட்டில் போட்டு நாலு சுற்றுச் சுற்றிக் காலடியில் வைத்தார். இனிமேல் பாதையில் முதலில் யார் வருகிறார்களோ அவர்கள்தான் எடுக்க வேண்டும் என்றார். நின்றோம். பத்து நிமிஷம் யாரும் வரவில்லை. வாத்தியார், "நானே எடுத்தர்றனுங்களே," என்றார். பூசாரி அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். கடைசியில் ஒரு அக்கா தலையில் புல்லுக்கட்டோடு வந்தது. கூட்டாளி ஓடிப் போய்க் கூட்டி வந்தான்.

"ஏனுங்க, எனக்கு மாடு கத்திக்கிட்டுக் கெடக்குது, பூ எடுக்கற நேரமா இது?"

"ஒரு நிமிசந்தான் தாயி. ரெண்டுல ஒண்ணு எடு."

"யாருக்குப் பாக்கறீங்க?"

"இந்தப் பையனுக்கு."

அக்கா என்னைப் பார்த்தது. "பொண்ணு யாரு?"

"பொண்ணெல்லாம் இல்ல. நீ எடு."

புல்லுக்கட்டை இறக்காமலே, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் நீட்டிவிட்டு, அது பாட்டுக்கு நடந்தது. பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவன் கண்ணடிக்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்புறம் நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"எனக்கு மனசே இல்ல சாமி. ஆனா அம்மாவே உத்தரவு குடுத்துப்போட்டா. நல்லபடியாப் போயிட்டு வா."

"எங்கீங்கண்ணா போறது?"

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி என் நெற்றியில் திருநீறு வைத்தார்.

"தம்பிய அனுப்பி வெக்கலாமான்னுதான கேட்டோம். அனுப்பலாம்னு சொல்லிப்போட்டா."

"ஐயா, வெள்ள வந்தா நான் இருக்கலாம்னு அர்த்தம் இல்லீங்களா?"

"ஏன் கண்ணு, இருக்கறத இருக்க உடறதுக்கு யாராச்சும் பூக் கேப்பாங்களா? கெணறு வெட்டலாமான்னு கேப்பாங்க. வெட்டாம இருக்கலாமான்னா கேப்பாங்க? என்ன செய்யப் போறமோ அதுக்குத்தான் உத்தரவு." அண்ணன் பக்கம் திரும்பினார். "பையன் வெளிய படிச்சவனாட்ட இருக்குது."

எனக்கு இருபத்தி மூன்று வயசு, ஹாஸ்டல் வருஷம் போக இந்த மலையிலேயே வளர்ந்தவன். எத்தனையோ பூக் கேட்டதைப் பக்கத்தில் நின்று போன் நோண்டிக்கொண்டே பார்த்திருக்கிறேன். கேள்வி எந்தப் பக்கமிருந்து கேட்கப்படுகிறது என்று ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

தட்டில் இன்னொரு பொட்டலம் இருந்தது. கூட்டாளி பாவம், எனக்காகத்தான், கை நீட்டினான். "ஐயா, அதையும் பிரிச்சுப் பாத்தர்லாங்களா?"

"பாரேன். செவப்புத்தான் இருக்கும்."

அதைப் பிரித்தால் இந்தத் தீர்ப்பே செல்லாது. எனக்குத் தெரியும். ஒரே ஒரு நாரை அவிழ்த்தால் போதும், நான் ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பேன், ஐந்து வினாடிக்கு. ஆறாவது வினாடியில், சாமி காலடியில் களவாணித்தனம் செய்தவன் யார் என்று கேட்பார்கள். பூக் கட்டியவன் ஒருத்தன்தான்.

கூட்டாளி கைக்கு முன்னால் என் கை போனது. பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இது எங்கிட்டயே இருக்கட்டுங்க ஐயா."

"வெச்சுக்க கண்ணு. நல்லதுதான்."

அண்ணனுக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பக்தி பாத்தீங்களா," என்று வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூலுக்கு ஓடினார். என்னை அனுப்பின கையோடு ஓடுகிறார், அட்டெண்டன்ஸ் எடுக்க.

திரும்பும்போது ஜீப்பில் கூட்டாளியிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரித்தான். பார்த்தான். ஜீப்பை ஓரத்தில் நிறுத்தினான். ஐந்து நிமிஷம் சிரித்தான், ஹாரன் மேல் தலையை வைத்து, ஹாரன் அடிக்க அடிக்க.

"டேய், ரெண்டுலயும் செவப்ப வெச்சிருக்கலாமில்ல."

"கேள்வி என்னன்னு நீ சொன்னியா நாயே?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. வெள்ளை என்றால் எனக்கு நல்லது என்று நானே வைத்துக்கொண்டேன்.

"போயி உண்மையச் சொல்லிரட்டுமா?" என்றேன். "மறுபடியும் கேக்கச் சொல்லலாம்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அண்ணன் உன்னக் கோஷ்டியில இருந்துதான் அனுப்பியிருக்கறாரு. இதச் சொன்னீன்னா ஊர்ல இருந்தே அனுப்புவாங்க. உங்கப்பாவுக்கும் சேத்துச் சொல்றேன். பேசாம இரு மாப்ள." பூவை வெளியே எறிந்துவிட்டு ஜீப்பை எடுத்தான். அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கும் வேறு வழியில்லை, கீபோர்டு பட்டனோடுதான் இனிமேல் அடிக்க வேண்டும்.

நான் ஊடு போவதற்குள் அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்திருந்தார். என்னிடம் மூன்று வாரம் சொல்ல முடியாததை அப்பாவிடம் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டார், சாமி பேரில். அப்பா மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அம்மாவே சொல்லிப்போட்டா. நான் என்ன சொல்றது."

"அப்பா, அது வந்து..."

"என்ன?"

வாய் வரைக்கும் வந்தது. அப்பா ஒவ்வொரு மாசியும் அந்தக் கோயிலுக்கு முதல் மிளகைக் கொண்டு போய்க் கொடுக்கிறவர். "ஒண்ணுமில்லீங்க," என்றேன். அண்ணனைப் பயந்தாங்கொள்ளி என்று மேலே எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அம்மா பையில் துணி அடுக்கியது, குச்சிக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம் ஒன்று, மிளகுப் பொடி டப்பா ஒன்று. அப்புறம் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தது.

"ஏன் சாமி, இதுக்குப் பின்னால பலகையக் கழட்டிப்போட்டா சாமை கொட்டி வெக்கலாமா? எலி போவாதுல்ல?"

"வெச்சுக்கம்மா."

"உள்ள இருக்கற அந்தப் பெரிய தட்டு?"

"அதக் கழட்டித் தாரேன்."

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பதினைந்து இன்ச் ஸ்பீக்கரை நானே கழற்றினேன். எட்டு ஸ்க்ரூ. சாமை நன்றாகக் கொள்ளும், அளந்து பார்த்தது அம்மா.

கூட்டாளி பஸ் ஏற்றிவிட வந்தான். அண்ணன் வரவில்லை, கை கூப்பின படம் அனுப்பினார். கூடவே அடுத்த கச்சேரி ஃப்ளெக்ஸ். தேவனூர் நாட்டில், ஞாயிற்றுக்கிழமை. அதில் என் தலை இன்னும் இருந்தது, கிட்டாரோடு. டிசைன் மாற்ற நேரமில்லையாம். வாசிக்கிறபோதுதான் யாருக்கும் கேட்கவில்லை, இப்போது ஆளே இல்லாமல் நிற்கிறேன், இதையும் யாரும் கவனிக்கப் போவதில்லை.

இன்று திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பது. கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி கேட்டில், விரல் ரேகை வைக்கிற மிஷினுக்கு முன்னால், வரிசையில் பதினோராவது ஆளாக நிற்கிறேன்.